கார்தா ஏரிக்கரையில் டேஸ்டிங் மெனு விருந்து: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

வட இத்தாலியில் உள்ள கார்தா, அந்நாட்டின் ஏரிகளிலேயே பெரியது. ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர் பரப்பும் 346 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த ஏரியின் மேற்குக் கரை லொம்பார்தியா மாநிலத்தையும், கிழக்குக் கரை வெனெத்தோவையும், வடமுனை திரெந்தினோவையும் சேர்ந்தவை. வடக்கே ஆல்ப்ஸ் மலை குளிர்காற்றை மறித்து நிற்பதாலும், இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்வதாலும், அந்த வடதிசைக்குப் பொருந்தாத எலுமிச்சையும் ஆலிவும் இங்கே விளைகின்றன. ஏரி மீன், ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, மலைப் பாலாடைக்கட்டி, கரையோரத் திராட்சை ஒயின் ஆகிய அனைத்தும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் கிடைப்பதால்தான், இந்தக் கரையில் உயர்தர உணவகங்கள் இத்தனை வேரூன்றியுள்ளன.

டேஸ்டிங் மெனு என்பது, உணவுகளை நீங்கள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்காமல், சமையலறையே வரிசைப்படுத்தி அனுப்பும் சிறுசிறு உணவுகளின் தொடராகும். பொதுவாக 5 முதல் 9 வரை உணவுகள் வரும். அவற்றுக்கு முன்னும் பின்னும் கணக்கில் சேராத சிறு பதார்த்தங்கள் வேறு வரும். நம் விருந்தில் எல்லாமே ஒரே இலையில் வந்து சேர, எதை எதனோடு பிசைந்து உண்பது என்பதை உண்பவரே முடிவு செய்கிறார். இங்கே அந்த முடிவு முழுவதும் சமைப்பவருடையது, அடுத்து என்ன, எப்போது என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே மேசையில் அமர்ந்த பிறகு நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. விருந்து நன்றாக அமைவதும் அமையாததும், பெரும்பாலும் அதற்குச் சில வாரங்களுக்கு முன் நீங்கள் எழுதி அனுப்பும் நான்கு வரிகளைப் பொறுத்தது.

எந்த உணவகம், எந்த வேளை

மேற்குக் கரையிலுள்ள கார்தோனே ரிவியேராவும் அதற்கு வடக்கேயுள்ள கார்ஞானோவும் பழைய மாளிகைகளுக்கும் ஓட்டல்களுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். கார்தோனேயில், ரிக்கார்தோ கமனினி தம் சகோதரர் ஜான்கார்லோவுடன் 2014இல் தொடங்கிய லீதோ 84 உணவகம் இன்று உலகெங்கும் அறியப்பட்டது. கமனினி, குவால்தியேரோ மார்கேசியின் சமையலறையில் பயின்றவர். இத்தாலியில் முதன்முதலாக, உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷலின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களை, 1985இல், பெற்றவர் அந்த மார்கேசிதான். கார்ஞானோவில் 1892இல் கட்டப்பட்ட வில்லா ஃபெல்த்ரினெல்லி, இப்போது உயர்தர உணவகத்துடன் கூடிய ஓட்டலாக இயங்குகிறது. இவை தவிரத் தென்கரையில் சிர்மியோனேயிலும் தெசென்சானோவிலும் நல்ல உணவகங்கள் உண்டு. குளிர்காலத்தில் கரையோர ஓட்டல்கள் பலவும் மூடப்படுவதால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் பயணத்தைத் திட்டமிடுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் விடுமுறை விடும் வழக்கமும் பரவலானது என்பதால், உணவகம் திறந்திருக்கும் நாளை உறுதிசெய்துகொண்ட பிறகே தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, நட்சத்திரம் பெற்ற ஏரிக்கரை உணவகத்தில் ஒருவருக்கான டேஸ்டிங் மெனு 100 யூரோவுக்குக் கீழே அமைவது அரிது. 200 யூரோவைத் தாண்டுவதும் உண்டு. தண்ணீர், ஒயின், காபி ஆகியவை பெரும்பாலும் இதற்கு மேல்தான் வரும். முழு மெனுவின் செலவு அதிகமாகத் தோன்றினால், மதிய வேளையில் குறைந்த உணவுகள் கொண்ட சிறிய மெனு இருக்கிறதா என்று உணவகத்தின் தளத்தில் பாருங்கள்.

முதன்முறை செல்வோர் இரவு உணவைவிட மதிய உணவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இருட்டிய பிறகு, கண்ணாடிக்கு அப்பால் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. மதியத்தில் ஏரியும் எதிர்க்கரையின் மோந்தே பால்தோ மலையும் கண்முன்னே இருக்கும். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து 'ஓரா' என்ற காற்று எழும்பி ஏரியைச் சிலிர்க்க வைப்பதை உண்டுகொண்டே பார்க்கலாம். பயணக் களைப்பில்லாமல் உண்ண முடிவதும், பேருந்துகள் ஓடும் நேரத்தில் திரும்ப முடிவதும் இதன் கூடுதல் நன்மைகள்.

முன்பதிவின்போது எழுத வேண்டியவை

பெயர்பெற்ற உணவகங்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே, கோடையில் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலும் உணவகத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். கடன் அட்டை எண்ணைக் கேட்பார்கள். குறிப்பிட்ட கால அளவுக்குள் ரத்து செய்யாமல் வராமற்போனால் ஒரு தொகை பிடித்தம் செய்யப்படும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டே எண்ணைக் கொடுங்கள். டேஸ்டிங் மெனுவை மேசையில் உள்ள அனைவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. ஒருவர் மட்டும் இரண்டு உணவுகளோடு நிறுத்திக்கொள்ள விரும்பினால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்வதானால் அதையும் கேளுங்கள். மூன்று மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருப்பது அவர்களுக்குக் கடினம்.

அடுத்து எழுத வேண்டியது உங்கள் உணவுக் கட்டுப்பாடுகளை. இதில்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். 'நான் சைவம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, மேசையில் சங்கடப்படுகிறார்கள். இத்தாலியில் சைவ உணவு என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் அடங்கியது என்றே பொருள். வட இத்தாலியின் புதிய பாஸ்தா வகைகளான தல்யத்தெல்லே, தொர்தெல்லீனி போன்றவை முட்டை சேர்த்துப் பிசைந்த மாவில் செய்யப்படுகின்றன. கடின கோதுமையில் செய்து உலர்த்திய ஸ்பகெத்தி, ரிகத்தோனி ஆகியவற்றில் பொதுவாக முட்டை இல்லை. ரிசோட்டோ என்ற அரிசி உணவை வேகவைக்கும் சாறு பல சமையலறைகளில் இறைச்சி எலும்பிலோ கோழியிலோ எடுக்கப்படுவது. காய்கறிச் சாற்றில் செய்துதரக் கேட்டால் தயங்காமல் செய்வார்கள். இனிப்புகளில், பன்னா கோத்தாவில் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் சேர்வது வழக்கம்; திராமிசுவில் முட்டை உண்டு. இவை எல்லாவற்றையும்விட நம்மில் பலர் அறியாத ஒன்று உண்டு: பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியின் பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டையே பயன்படுத்த வேண்டும் என்று அதன் தயாரிப்பு விதிகளே கூறுகின்றன. உறுதியான சைவ உணவினர் இதை அறிந்திருக்க வேண்டும். சமையற்காரர் அதைத் துருவித் தூவுவதற்கு முன் சொல்லியும் இருக்க வேண்டும்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள், மாடு மட்டுமன்றிக் கன்றும் கூடாது என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். மாட்டிறைச்சிக்கு மன்ஸோ என்றும், கன்றிறைச்சிக்கு விதெல்லோ என்றும், பன்றிக்கு மையாலே என்றும் வெவ்வேறு பெயர்கள் உள்ளன. இறைச்சியே இல்லாதது போலத் தோன்றும் கருஞ்சிவப்புக் குழம்புகளுக்கும் கன்றெலும்பை நெடுநேரம் காய்ச்சிய சாறு அடிப்படையாக இருக்கலாம். ஏரியின் வடகரையில் ரீவா, ஆர்கோ ஊர்களைச் சுற்றி உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சியான கார்னே சலாதா பெரிதும் விரும்பப்படுவது. அதை மெல்லியதாகச் சீவிப் பச்சையாகவே பரிமாறுவதும் உண்டு. பன்றியையும் மதுவையும் விலக்கும் முஸ்லிம் வாசகர்கள், சமையலில் சேரும் ஒயினையும் குறிப்பிட்டு விலக்கச் சொல்ல வேண்டும். ரிசோட்டோவின் அரிசியை வதக்கியதும் ஒரு கோப்பை வெள்ளை ஒயின் ஊற்றுவது வழக்கமான முறை.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் துணை நிற்கிறது. நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், மீன், எள், கடுகு, செலரி உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய விவரத்தை உணவகங்கள் தந்தாக வேண்டும். ஆனால் விவரம் தருவது சட்டக் கடமை. மாற்று உணவு சமைத்துத் தருவது சமையலறையின் இயலுமையைப் பொறுத்தது. பால், முட்டை, குளூட்டன் மூன்றையும் ஒருவர் விலக்கினால், சில உணவகங்கள் இயலாது என்று நேராகவே பதில் எழுதும். அந்தப் பதிலை மதித்து வேறிடம் தேடுவதே நல்லது.

எழுதும் முறை எளிமையாக இருக்கட்டும். ஒவ்வொருவரின் பெயருக்கும் நேரே, உண்ணாதவற்றை மட்டும் எழுதுங்கள். விருப்பு வெறுப்புகளை மதத் தடைகளோடும் ஒவ்வாமையோடும் கலக்காதீர்கள். கத்தரிக்காய் பிடிக்காது என்பதும் கடலை உண்டால் மூச்சடைக்கும் என்பதும் ஒரே வரியில் வந்தால், படிப்பவர் எதற்கு முதன்மை தருவது என்று குழம்புவார். ஆங்கிலத்தில் எழுதினால் போதுமானது. எனினும் மேசையில் நினைவூட்டுவதற்குச் சில இத்தாலியச் சொற்கள் கைகொடுக்கும். 'சென்ஸா' என்றால் 'இல்லாமல்'. சென்ஸா கார்னே என்றால் இறைச்சி இல்லாமல். சென்ஸா பேஷே என்றால் மீன் இல்லாமல். சென்ஸா உவோவா என்றால் முட்டை இல்லாமல்.

மெனுவில் ஏரியைத் தேடுதல்

ஏரிக்கரைக்கு வந்து கடல் இறால் உண்டு திரும்புவது எனக்கு ஏற்புடையதன்று. இரண்டு டேஸ்டிங் மெனுக்கள் இருந்தால், எதில் ஏரிக்கும் மலைக்கும் உரிய பொருள்கள் அதிகமோ அதைத் தேர்ந்தெடுங்கள். கொரெகோனே அல்லது லவரெல்லோ என்ற வெண்மீன், மென்மையான சதையும் இளஞ்சுவையும் உடையது. கார்தாவின் பூர்வீக மீனன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. லூச்சோ (ஆங்கிலத்தில் பைக்) என்ற நன்னீர் மீனை வேகவைத்து முள் நீக்கி, நெத்திலி, கேப்பர் என்ற பூமொட்டு, எண்ணெய் சேர்ந்த சாற்றில் ஊறவைத்து, மக்காச்சோளக் களியான போலெந்தாவுடன் பரிமாறுவது இப்பகுதியின் பழைய உணவு. தீன்கா என்ற சேற்றுநில மீனில் செய்யும் ரிசோட்டோவும் கரையோர வீடுகளின் சமையல்தான். உயர்தர உணவகங்களில் இவை பழைய வடிவத்தில் வராமல், ஒரே மீன் துண்டாகவோ ஒரு கரண்டிச் சாறாகவோ வரக்கூடும். மூல உணவை அறிந்திருந்தால், சமையற்கலைஞர் எதை வைத்துக்கொண்டு எதை விட்டார் என்பது விளங்கும். இயன்றால் முந்தைய நாள் திரத்தோரியா எனப்படும் ஒரு சாதாரண உணவகத்தில் லூச்சோவையும் போலெந்தாவையும் உண்டுவிட்டுச் செல்லுங்கள்.

கார்பியோனே என்ற மீன் உலகில் கார்தா ஏரியில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. அழிவின் விளிம்பில் உள்ள இனம். மெனுவில் அந்தப் பெயரைக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மீனை வறுத்து வினிகரில் ஊறவைக்கும் முறைக்கும் இதே பெயர் வழங்குவதால், முதலில் அது மீனா முறையா என்று கேட்டறிவது அவசியம்.

ஏரியிலிருந்து கண்ணை எடுத்தால், கரையில் காசலீவா வகை ஆலிவிலிருந்து எடுக்கும் எண்ணெயும், கார்ஞானோவின் கேப்பர் மொட்டுகளும், மேற்கே பகோலீனோ மலையூரில் குங்குமப்பூ சேர்த்துச் செய்து நெடுங்காலம் முதிர வைக்கும் பகோஸ் பாலாடைக்கட்டியும் உள்ளன. எலுமிச்சையை இங்கே வெட்டவெளியில் விட்டுவிடுவதில்லை. கல்தூண்களை வரிசையாக நிறுத்தி, குளிர்காலத்தில் பலகையாலும் கண்ணாடியாலும் மூடிக் காத்த லிமோனாயா தோட்டங்களை லிமோனே, கார்ஞானோ ஊர்களில் இன்றும் காணலாம்.

மேசையில்

குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகச் சென்று சேருங்கள். கழுத்துப்பட்டை பெரும்பாலும் தேவையில்லை. அரைக்கால் சட்டையும் கடற்கரைச் செருப்பும் பொருந்தா. சேலையோ சல்வாரோ உடுத்திச் செல்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். வெளியே அமர்வதானால் ஒரு மெல்லிய சால்வையை எடுத்துச் செல்லுங்கள். கடும் வாசனைத் திரவியத்தைத் தவிர்ப்பது, உங்களுக்கும் பக்கத்து மேசைக்கும் செய்யும் நன்மை.

அமர்ந்ததும் தண்ணீர் சாதாரணமா, குமிழி உள்ளதா என்று கேட்பார்கள். முன்னதற்கு நத்துராலே, பின்னதற்கு ஃப்ரிசாந்தே என்றால் போதும். பிறகு மெனு வரும். எழுதி அனுப்பிய கட்டுப்பாடுகளை இந்த நேரத்தில் ஒருமுறை வாய்மொழியாகச் சொல்லி, சமையலறைக்குத் தெரியும் என்ற பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். முதலில் வரும் ஓரிரு வாய்ச் சிற்றுணவுகளைக் கையாலேயே எடுத்து ஒரே வாயில் உண்ணலாம். ஐயமிருந்தால் பரிமாறுபவரைக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார். ஒவ்வொரு உணவுக்கும் கத்தியும் முட்கரண்டியும் புதிதாக வைக்கப்படும் என்பதால், எதை எப்போது எடுப்பது என்ற கவலை வேண்டாம். உண்டு முடித்ததும் அவற்றைத் தட்டில் இணையாக வைத்தால், எடுத்துச் செல்லலாம் என்று பொருள்.

ரொட்டியும் எண்ணெயும் வரும்போது கையைக் கட்டுப்படுத்துவது அவசியம். இரண்டு உணவுகளுக்குள் வயிறு நிறைந்துவிட்டால் பின்னால் வரும் இறைச்சியும் இனிப்பும் சுமையாகிவிடும். ஒரு துண்டு போதும். மிச்சத்தைத் தட்டில் தங்கிய சாற்றைத் துடைத்து உண்ண வைத்துக்கொள்ளுங்கள். ரிசோட்டோ தட்டையான தட்டில் பரப்பி வரும். நடுவில் சூடு தங்குமாதலால், விளிம்பிலிருந்து உள்நோக்கி உண்பது முறை. அரிசியின் உட்கருவில் சற்றே உறுதி இருக்கும். அது வேகாத குறையன்று. நம் நாக்குக்கு உப்பு மிகுந்தும் காரம் குறைந்தும் தோன்றலாம்; மிளகாய் கேட்பதற்கு முன் நான்கு வாய் உண்டு பாருங்கள். மீன் பாஸ்தாவுக்குப் பாலாடைக்கட்டி கேட்பது இங்கே வழக்கமில்லை.

சில உணவுகளை மேசையருகிலேயே நிகழ்த்திக் காட்டுவார்கள். லீதோ 84இன் புகழ்பெற்ற உணவில், குழாய் வடிவப் பாஸ்தாவும் பெகொரீனோ பாலாடைக்கட்டியும் மிளகும் ஒரு பன்றியின் சிறுநீர்ப்பைக்குள் இட்டுக் கட்டி, நீரில் வேகவைக்கப்படும். வெந்ததும் பலூன்போல் உப்பிய அந்தப் பையைத் தட்டில் கொண்டுவந்து, உள்ளிருப்பவை கலக்குமாறு குலுக்கி, மேசையருகே கத்தியால் கீறித் திறக்கும்போது, மிளகும் பாலாடைக்கட்டியும் கலந்த ஆவி மேலே எழும். சாறு பாஸ்தாவின் வெளியிலும் குழலுக்குள்ளும் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பாலாடைக்கட்டிப் பாஸ்தாதான் என்றாலும், பன்றி உண்ணாதவருக்கும் சைவருக்கும் இது ஆகாது. மெனுவில் எழுதிய பொருள்களை மட்டும் படிக்காமல், சமைக்கும் முறையையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

உணவுகளுக்கிடையே பதினைந்து, இருபது நிமிட இடைவெளி இயல்பானது. மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கழிவறைக்குச் செல்வதானால் ஒரு தட்டு எடுக்கப்பட்டதும் சென்று வாருங்கள், ஏனெனில் நீங்கள் திரும்பும் வரை அடுத்த உணவை மேசைக்குக் கொண்டுவர மாட்டார்கள். நடுவே வயிறு நிறைந்துவிட்டால், மீதி உணவுகளின் அளவைக் குறைத்துத் தருமாறு கேட்பதில் தவறில்லை. படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் வேண்டாம். சூடான உணவு ஆறும் வரை படமெடுப்பது, அதைச் சரியான சூட்டில் அனுப்ப உழைத்தவருக்குச் செய்யும் அநீதி.

ஒயின் எடுப்பதா

ஒவ்வோர் உணவுக்கும் பொருத்தமாக ஒரு கோப்பை ஒயின் தரும் தொகுப்பு தனிக் கட்டணத்தில் கிடைக்கும். ஒரு முறைக்கு 75 மில்லி என்று கொண்டாலும், ஆறு கோப்பைகள் சேர்ந்து 450 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் பாதிக்கு மேல் ஆகிவிடும். பழக்கமில்லாதவர்கள் இருவருக்கு ஒரு தொகுப்பைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்கலாம், அல்லது ஒரே கோப்பையோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படியானால் தென்கரையில் துர்பியானா திராட்சையிலிருந்து செய்யும் லுகானா என்ற வெள்ளை ஒயினைக் கேளுங்கள். ஏரி மீனுக்கு அதைவிட இணக்கமானதை நான் அறியேன். மது அருந்தாதவர்கள் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச வேண்டியதில்லை. பழச்சாறு, மூலிகை நீர், தேநீர் ஆகியவற்றால் அமைந்த மதுவற்ற தொகுப்பு பல இடங்களில் உண்டு.

கணக்கும் திரும்பும் வழியும்

இனிப்புக்கு முன் நாவைத் துலக்க எலுமிச்சை போன்ற புளிப்பில் ஒரு சிறு பதார்த்தமும், இனிப்புக்குப் பின் கடிப்பதற்குச் சிறு பலகாரங்களும் வரும். காபி என்றால் இங்கே சிறு கோப்பை எஸ்பிரெஸ்ஸோதான். பால் கலந்த கப்புச்சீனோ காலை நேரத்துக்கு உரியது. பாலாடைக்கட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், அது மெனுவில் அடங்கியதா, தனிக் கட்டணமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

நீங்கள் கேட்காமல் கணக்குச் சீட்டு வராது. விருந்தினரை எழுப்பிவிடுவது போலாகும் என்பதால் காத்திருப்பார்கள். 'இல் கோந்தோ, பெர் ஃபவோரே' என்று கேளுங்கள். சீட்டில் மெனு, தண்ணீர், ஒயின், காபி ஆகியவை தனித்தனியே இருக்கின்றனவா என்று பாருங்கள். கோபெர்தோ என்ற பெயரில் ஆளுக்குச் சில யூரோ சேர்ந்திருந்தால், அது ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம். டிப்ஸ் கட்டாயமன்று. மனநிறைவு தந்த பரிமாறலுக்கு ஒரு தொகையை ரொக்கமாக வைத்தால் மதிப்போடு ஏற்பார்கள். அமெரிக்கக் கணக்கில் நூற்றுக்கு இருபது என்று எண்ண வேண்டியதில்லை.

மிலான்–வெனிஸ் ரயில் பாதையில் உள்ள தெசென்சானோ நிலையத்திலிருந்து கார்தோனே சுமார் 25 கிலோமீட்டர்; பிரெஷா நகரத்திலிருந்தும் பேருந்து உண்டு. ஏரிப் படகுகள் இரவு உணவு முடியும் நேரம் வரை ஓடுவதில்லை என்பதால், இரவுக்குப் பதிவு செய்தவர்கள் படகை நம்பக்கூடாது. கார் எடுத்து வந்தவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: இத்தாலியில் ஓட்டுநரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் உச்சவரம்பு; உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவர்களுக்கு அது பூஜ்யம். மேற்குக் கரைச் சாலை பாறையைக் குடைந்த குறுகிய சுரங்கங்கள் வழியே செல்வது. ஒரு கோப்பை அருந்தியிருந்தாலும் அதில் ஓட்ட வேண்டாம். இச்சிற்றூர்களில் தெருவில் நின்று கையசைத்தால் டாக்ஸி கிடைக்காது. ஆகவே உணவகத்துக்கு உங்கள் வருகையை உறுதிசெய்து எழுதும்போதே, திரும்புவதற்கு வண்டி ஏற்பாடு செய்துதர இயலுமா என்றும் கேட்டுவிடுங்கள். இனிப்பு வரும் நேரத்தில், அந்த வண்டி எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்பதைப் பரிமாறுபவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.